சூடானதும் திணறும் பைக்: காயிலை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது, பத்து கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை, அதற்கப்புறம் சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது, இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே விட்டுவிட்டு இழுக்கிறது, கால் மணி நேரம் ஓரங்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் கிளம்புகிறது. இந்தக் கோளாறோடு மெக்கானிக்கிடம் போனால் பெரும்பாலும் என்ன நடக்கும் என்று தெரியும். மாலையில் வண்டியை விட்டுவிட்டு வருவோம், அவர் மறுநாள் காலையில் ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பார், அது அழகாக ஓடும். அப்புறம் அவர் ஊகத்தில்தான் வேலை செய்தாக வேண்டும்: கார்ப்பரேட்டர் சுத்தம், புது பிளக், அதற்கும் சரியாகவில்லை என்றால் பிளக்குக்கு உயர் வோல்ட் கரண்ட் தரும் காயில், அதற்கும் மேலே ஸ்பார்க் வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டி. அவர் மேல் குற்றமில்லை, கோளாறு இல்லாத நேரத்தில் வண்டியைப் பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். வண்டி நின்ற இடத்தில், நின்ற அந்த நிமிடத்தில் நீங்களே பார்ப்பதுதான் உண்மையான பரிசோதனை. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிளக் ஸ்பேனர், நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ஸ்பேர் பிளக், சூடான கேப்பைப் பிடிக்க ஒரு பழைய துணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர். இவை சீட்டுக்கு அடியில் இருந்தால் போதும்.

இங்கே எழுதுவது முக்கியமாக நம் ஊர்த் தெருவெல்லாம் ஓடுகிற 100 முதல் 150 சிசி வரையிலான, காற்றில் குளிரும், கார்ப்பரேட்டர் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு: ஸ்பிளெண்டர், பேஷன், ஸ்டார் சிட்டி, டிஸ்கவர், பல்சர் மாதிரி. கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும் எஃப்ஐ வண்டிகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

சூடா, நேரமா?

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இது. பத்து கிலோமீட்டரில் வண்டி நிற்கிறது என்றால் சூட்டால்தான் நிற்கிறது என்று அர்த்தமில்லை. அவ்வளவு நேரம் ஓடியதால் நிற்கலாம். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும்.

பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று உள்ளே போவதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். துருவோ தூசியோ அந்த வழியை அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது குறைந்து, கடைசியில் நின்றே போகும். ஓரங்கட்டி வைத்த பத்து பதினைந்து நிமிடத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், வண்டி கிளம்பிவிடும். இன்ஜின் ஆறியதால் சரியாயிற்று என்று நாம் நினைத்துக்கொள்வோம். ரெக்சின் டேங்க் கவர் போட்டவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், கவர் மூடியைச் சுற்றி இறுக்கமாக உட்கார்ந்தாலும் இதே கதைதான்.

சோதிப்பது சுலபம். வண்டி நின்றதும் வேறெதையும் தொடாமல் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனால் விஷயம் முடிந்தது. இன்னும் உறுதி வேண்டுமென்றால், மறுநாள் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்தி, மூடியை ஒரு தடவை திறந்து மூடிவிட்டு ஓட்டுங்கள். வழக்கமான இடத்தைத் தாண்டியும் திணறாமல் ஓடினால் மூடிதான் காரணம். மூடியைத் திறந்துவைத்துக்கொண்டே ஓட்டிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் தளும்புவது விளையாட்டில்லை.

டேங்கில் மேலே எல்லாம் சரியாக இருந்தும் கீழே பெட்ரோல் காக்கின் வலையில் துரு சேர்ந்திருந்தாலும் இப்படியே நிற்கும். மெதுவாக ஓட்டினால் நன்றாக ஓடும், பைபாஸில் ஏறி முறுக்கினால் சற்று நேரத்தில் கார்ப்பரேட்டர் கிண்ணம் காலியாகித் திணறும். வீட்டில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில், கார்ப்பரேட்டருக்கு வரும் ட்யூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுக் காக்கைத் திறந்து பாருங்கள். தாரை கடைசி வரை ஒரே சீராக வர வேண்டும், ஆரம்பத்தில் நன்றாக வந்து போகப் போக நூலாக மெலிந்தால் வலையையும் மூடியையும் கவனியுங்கள்.

நேரத்தால் வருகிற இன்னொரு கோளாறு இன்ஜினிலேயே இல்லை. பின் பிரேக்கை ரொம்ப டைட் வைத்திருந்தால் ஷூ லேசாகப் பிடித்துக்கொண்டே வரும், டிரம் சூடாகும், வண்டி இழுவை குறைந்து இன்ஜினும் கூடுதலாகச் சூடாகும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிரேக்கை அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் முதலில் பிரேக்கைச் சரிசெய்யுங்கள். இன்ஜின் உறுமுகிறது, ஆர்பிஎம் ஏறுகிறது, ஆனால் வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் நழுவுவது.

நின்ற இடத்தில் முதல் ஐந்து நிமிடம்

எப்படி நின்றது என்பதே பாதி பதில். சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் சந்தேகப்படுங்கள். இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி மெல்ல அடங்கினால் பெட்ரோல் போதவில்லை. சைலன்சரில் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையுமாக, கனத்துப்போய்த் திணறினால் பெட்ரோல் அதிகம்.

திணற ஆரம்பிக்கும்போதே காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, பலருக்கு அது தோன்றுவதில்லை. பாதுகாப்பாக ஓரம் வந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சோக்கைப் பாதி இழுங்கள். உடனே சீரானால் இன்ஜினுக்குப் பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது எங்கோ கூடுதல் காற்று புகுகிறது. இன்னும் மோசமானால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். எந்த மாற்றமும் இல்லாமல் அதே மாதிரி விட்டுவிட்டு வெட்டினால் ஸ்பார்க்கைப் பார்க்க வேண்டும்.

முழுக்க நின்றுவிட்டதா? தாமதிக்காதீர்கள், ஆறிவிட்டால் சாட்சி போய்விடும். பிளக் கேப்பைக் கழற்றி ஸ்பேர் பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் இரும்புப் பகுதி இன்ஜின் ஹெட்டில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கிக் செய்யுங்கள். இன்ஜினில் இருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் அந்த ஓட்டையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியில் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. கேப்பைத் துணியால் பிடியுங்கள், பிளக்கை வெறும் கையால் பிடிக்காதீர்கள். நீலமாக, சடசடவென்று வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, மூன்று கிக்குக்கு ஒரு தடவை வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ கோளாறு கரண்டில். டிடிஎஸ்ஐ மாதிரி இரண்டு பிளக் உள்ள வண்டி என்றால் இரண்டு கேப்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்று செத்திருந்தாலும் வண்டி ஓடும், ஆனால் வலுவிழக்கும்.

ஒரு எச்சரிக்கை. வெளிக்காற்றில் ஸ்பார்க் தாண்டுவது சுலபம், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்டுவது கஷ்டம். ஆகவே வெளியே ஸ்பார்க் தெரிகிறது என்பதால் மட்டும் காயிலை விடுதலை செய்துவிட முடியாது. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் மெக்கானிக்கிடம் இருந்தால், சூடாக இருக்கும்போது 6 மிமீ வரை தாண்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் அடுத்தது பெட்ரோல். கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் பெட்ரோல் கொட்ட வேண்டும், இதையும் சைலன்சர் சூட்டில் படாமல் ஒரு சின்னப் பாட்டிலில் பிடியுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, ஸ்பார்க்கும் இருக்கிறது என்றால் மிச்சம் இருப்பது பெட்ரோலும் காற்றும் சேரும் கலவையும், சிலிண்டருக்குள் அதை அழுத்தும் கம்ப்ரெஷனும். காலையில் கிக்கரை அமுக்கும்போது கால் உணரும் எதிர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கிக்கர் வெறுமனே இறங்கினால் கம்ப்ரெஷன் போகிறது.

கரண்ட் பக்கம்

விலை குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். பிளக்கின் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சூட்டில்தான் கசியும், அதனால்தான் ஸ்பேர் பிளக் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அடுத்து பிளக் கேப். பெரும்பாலான கேப்புகளுக்குள் 5 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அது உள்ளே கருகிப்போய்ச் சூட்டில் விட்டுவிட்டுத் தொடும். கேப்பைத் திருகிக் கழற்றி, வயரின் நுனியை ஐந்து மில்லிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகி மாட்டினாலே சரியான வண்டிகள் நிறைய. அப்புறம் காயிலின் எர்த், சாவி ஸ்விட்ச், கில் ஸ்விட்ச், ஹேண்டில் திரும்பும் இடத்தில் வளைந்து வளைந்து நைந்துபோன வயர்கள். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொன்றையும் ஆட்டிப் பாருங்கள்.

இதெல்லாம் தாண்டியபின் எச்டி காயிலும் (முதலில் சொன்ன உயர் வோல்ட் காயில்), ஸ்பார்க் எப்போது வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்லும் பிக்கப் காயிலும். இவை சூட்டில் கெடுவதற்குக் காரணம் எளிது: உள்ளே முடியை விட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக இருக்கிறது, எங்கோ ஓர் இடத்தில் அறுந்து ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்தால், சூட்டில் விரிந்ததும் இணைப்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். பிக்கப் காயில் மேக்னெட் கவருக்குள் இன்ஜினோடு ஒட்டியே இருப்பதால் அதுதான் முதலில் அடிபடுகிறது. மல்டிமீட்டர் இருந்தால் காலையில் ஆறிய நிலையில் ஓம் அளவைக் குறித்துவைத்து, வண்டி நின்றதும் அதே வயர்களில் மறுபடி அளந்து பாருங்கள்.

இங்கேதான் நல்ல காயில்கள் நிறைய குப்பைக்குப் போகின்றன. சூட்டில் அளவு கூடியிருக்கிறது என்று பார்த்தவுடன் காயில் போயிற்று என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் தானாகவே கூடும். முப்பது டிகிரியில் 120 ஓம் காட்டியது நூறு டிகிரியில் 150க்கு மேல் காட்டுவது இயற்கை. மீட்டர் எண்ணே காட்டாமல் அறுந்த மாதிரி காட்டினாலோ, எண் நிலையில்லாமல் தாவினாலோதான் அது கோளாறு. வீட்டில் முடி உலர்த்தும் டிரையரால் காயிலை மட்டும் சூடாக்கி அளந்தும் பார்க்கலாம்.

ஓம் அளவு சரியாக இருந்தும் காயில் கெட்டிருக்கலாம், ஏனென்றால் மீட்டர் தருவது சில வோல்ட்தான், காயிலின் இன்சுலேஷன் உடைவது ஆயிரக்கணக்கான வோல்ட்டில். அப்படிச் சந்தேகம் வந்தால் வேறொரு வண்டியின் காயிலை மாட்டி அதே தூரம் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. சிடிஐயும் அப்படித்தான், மாட்டிப் பார்க்காமல் அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பேட்டரி இல்லாமலே ஓடும் பழைய ஏசி சிடிஐ வண்டிகளில் மேக்னெட்டில் இருந்து சிடிஐக்குக் கரண்ட் தரும் சோர்ஸ் காயிலையும் சேர்த்து அளந்துவிடுங்கள். புல்லட், யெஸ்டி மாதிரி சிடிஐக்குப் பதில் பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான இயந்திர ஸ்விட்ச்) வைத்த பழைய வண்டியானால் கண்டென்சரை முதலில் மாற்றிப் பாருங்கள், அது சூட்டில் கைவிடுவதற்குப் பேர்போனது.

கலவை

ஆறிய இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை, அதனால்தான் காலையில் சோக் போட்டுக் கூடுதலாகக் கொடுக்கிறோம். ஆகவே கார்ப்பரேட்டர் அளவுக்கு மேல் பெட்ரோல் கொடுக்கும் கோளாறு இருந்தால், காலையில் அது கோளாறாகவே தெரியாது, சோக்கே போடாமல் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறதே என்று சந்தோஷம்தான் வரும். சூடானபின் அந்தக் கூடுதல் பெட்ரோல் இன்ஜினை மூச்சுமுட்ட வைக்கும். மார்கழிக் குளிரிலும் சோக் தேவைப்படாத வண்டி சூட்டில் திணறினால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்ல நிறம். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். சோக் லீவர் மேலே திரும்பிவிட்டாலும் கீழே கார்ப்பரேட்டரில் முழுக்கத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் எண்ணெய் குடித்து அடைத்திருக்கிறதா, ஃப்ளோட் ஊசி தேய்ந்து ஓவர்ஃப்ளோ ட்யூபில் சொட்டுகிறதா, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை யாராவது மாற்றிவிட்டார்களா என்று வரிசையாகப் பார்க்கலாம். ஐடிலிங்கும் ஏர் ஸ்க்ரூவும் எப்போதும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் வைக்க வேண்டும், ஆறிய இன்ஜினில் வைத்த செட்டிங் சூட்டில் பொய்த்துப்போகும்.

பிளக் வெளுத்துப்போய், ஐடிலிங் ஏறி இறங்கி அலைந்தால் எதிர்ப்பக்கம்: காற்று கசிகிறது. கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் மேனிஃபோல்டில் வெடிப்பு இருந்தால் சூட்டில் வாய் பிளக்கும். ஓடும்போது ஒரு பீச்சு பாட்டிலால் அந்த ரப்பரின் மேல் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், இன்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான். சூடான சிலிண்டர் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வண்டி நின்ற கோபத்தில் சிலர் செய்வது அது, வார்ப்பு வெடிக்கும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அதே அளவு பெட்ரோலை விட எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும், அதனால் சாதாரண பெட்ரோலுக்கு வைத்த பழைய கார்ப்பரேட்டரில் கலவை கொஞ்சம் மெலிந்துவிடும், பழைய ரப்பர் பாகங்களும் உப்பிப்போகலாம். நல்ல நிலையில் இருக்கும் வண்டியை இது நிறுத்தாது. ஏற்கெனவே கலவை மெலிந்து தடுமாறும் வண்டியை நிறுத்திவிடும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் எத்தனால் தண்ணீரை இழுத்துப் பிரிந்து அடியில் தங்குவதும் உண்டு, கிண்ணத்தில் பிடித்த பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் வைத்துப் பார்த்தால் அடியில் தனிப்படலம் தெரியும்.

பெட்ரோல் கொதித்து ட்யூபில் ஆவி அடைத்துக்கொள்வது, மேலிருந்து தானாக இறங்கும் பைக்கில் அபூர்வம். அது அம்பாஸடர் மாதிரி மெக்கானிக்கல் பம்ப் வைத்த கார்ப்பரேட்டர் கார்களின் நோய். பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஓட்டிய டிரைவர்களுக்கு அது நன்றாகத் தெரியும், துணி போட்டதும் ஓடினால் அதுவேதான்.

டேப்பட்

என் கணிப்பில் பழைய பைக்குகளில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது டேப்பட், அதாவது வால்வு இடைவெளிதான். வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். சூட்டில் வால்வின் தண்டு நீளும், அதிலும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் நீளும். இடைவெளி ஏற்கெனவே குறைந்திருந்தால் வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரெஷன் கசியும், ஐடிலிங் நிற்காது, சூட்டில் கிக்கர் லேசாக இறங்கும். ஆறியதும் தண்டு சுருங்கி வால்வு மறுபடி மூடிக்கொள்ளும், வண்டியும் ஓடும். இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டினால் மூடாத வால்வு சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் கருகிப்போகும், அப்புறம் ஹெட் வேலைதான்.

டேப்பட் சத்தமே வராத அளவுக்கு டைட் வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். லேசான டிக் டிக் சத்தம் ஆரோக்கியம், அது அறவே இல்லாத வண்டிதான் ஆபத்தில் இருக்கிறது.

சரிபார்க்க வண்டி இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும், சூடான இன்ஜினில் வைத்த டேப்பட் தப்பாகத்தான் இருக்கும். மேக்னெட்டில் உள்ள டி குறியைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகிற நிலையில், அதாவது கம்ப்ரெஷன் முடிவில், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். ராக்கர் ஆடவில்லை என்றால் மேக்னெட்டை இன்னொரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், அப்போதும் ஆடவில்லை என்றால் இடைவெளியே மிச்சமில்லை. உங்கள் வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவே வேதம். இந்த ரக 100 சிசி வண்டிகளில் அது பெரும்பாலும் 0.05க்கும் 0.10 மிமீக்கும் நடுவே வரும். பூட்டு நட்டை இறுக்கியபின் மறுபடி ஒரு தடவை அளந்துவிடுங்கள், இறுக்கும்போது திருகு நகர்ந்துவிடும்.

டேப்பட் சரியாக இருந்தும் சூட்டில் கம்ப்ரெஷன் இல்லையென்றால் பிஸ்டன் ரிங். பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி கிக் செய்யுங்கள், எதிர்ப்பு கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு. ஆயில் அளவையும் பாருங்கள். இந்த இன்ஜின்களில் மொத்த ஆயிலே சுமார் ஒரு லிட்டர்தான், அதில் கால் லிட்டர் எரிந்துபோனாலே சூடு கணிசமாக ஏறும். சூட்டில் கிக்கர் இறங்கவே மறுத்தால் அடித்து ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள், பிஸ்டன் பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

எஃப்ஐ வண்டிகள்

2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 புகை விதி வந்தபின் புது பைக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே எஃப்ஐ. இவற்றில் இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சார் கெட்டுப்போய், எப்போதும் ஆறியே இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டரான இசியுவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால், சூடான பிறகும் பெட்ரோல் அதிகமாகவே போகும். சூடு ஏற ஏற அந்த சென்சாரின் ஓம் குறைய வேண்டும், காயிலுக்கு நேரெதிர், அளக்கும்போது இதை மறக்காதீர்கள். ஆக்சிஜன் சென்சார் சூடான பிறகுதான் வேலையே தொடங்கும், அதனால் அது கெட்டிருந்தாலும் காலையில் தெரியாது. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப், பெட்ரோலாலேயே குளிர்வது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்களின் பம்ப் சூட்டில் தளர்ந்துபோக அதிக வாய்ப்பு. மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்தால் பிழைக் குறியீட்டை (கோட்) படிக்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

கடைசியில் மெக்கானிக்கிடம்தான் போகப் போகிறீர்கள் என்றாலும் வண்டியைச் சூடாகவே கொண்டுபோங்கள், அவர் எதிரிலேயே திணறட்டும். எத்தனை கிலோமீட்டரில் வந்தது, பட்டென்று நின்றதா மெல்ல அடங்கியதா, சோக் இழுத்ததும் என்ன ஆயிற்று, ஸ்பார்க் என்ன நிறம், மூடியைத் திறந்ததும் சத்தம் வந்ததா என்று சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லி, அதே சாலையில் அதே வெயிலில் வழக்கமாக நிற்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதை மாற்றியும் சரியாகவில்லை என்றால் அது நல்ல பாகம்.